அப்பன் மட்டும் பெற்ற பிள்ளை

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வேலியோரம் தானாக முளைக்கும் ஊமத்தையில் ஆடுமாடு வாய் வைப்பதில்லை. சிவனுக்குப் பூப் பறிப்பவர்களைத் தவிர அதைத் தேடிப் போவாரும் இல்லை. 1922இல் அமெரிக்காவில் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீயும் சகாக்களும் ஊமத்தை வகைச் செடியொன்றை ஆராய்ந்தார்கள். 24 நிறமூர்த்தங்கள் இருக்கவேண்டிய கலத்தில் 12தான் இருந்தன. பெற்றோர் இருவரில் ஒருவரின் பங்கே இல்லாத செடி! அந்த 12ஐ இரட்டித்துவிட்டால், பல தலைமுறை தற்கலப்புச் செய்து அடையும் தூய வித்து ஒரே தலைமுறையில் கிடைத்துவிடும். ஆனால் இயற்கை எப்போதோ தவறிச் செய்ததை வேண்டியபோது செய்விப்பது எப்படி?

பாதி நிறமூர்த்தம் மகரந்தத்திலேயே இருந்தது. 1953இல் டுலெக் கிங்கோ மரத்தின் மகரந்தத்தை வளர்த்துப் பார்த்தார். உருவமில்லாத கலத்திரள்தான் வந்தது, செடி வரவில்லை.

மகரந்தமணியின் தலைவிதி அப்படி. மகரந்தக்கூட்டின் நான்கு அறைகளுக்குள் ஒவ்வொரு தாய்க்கலமும், நிறமூர்த்தத்தைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவில் நாலாகப் பிரியும். அந்த நாலையும் கலோசுச் சுவர் சேர்த்து மூடியிருக்கும். அறையின் உள்வரிப் படை நொதியம் சுரந்து அச்சுவரைக் கரைக்கும், மணிகளுக்கு ஊட்டும், கடைசியில் பிள்ளைகளுக்காகத் தன்னையே கரைத்துக்கொள்ளும். அமிலத்துக்கும் அசையாத உறை போர்த்திய மணி பிறகு இரண்டு கலமாகும்: ஒன்று குழாய் வளர்க்க, மற்றது விந்தாக. அதற்குமேல் அதற்கு வேறு வழி இல்லை என்றே எல்லோரும் நம்பினார்கள்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஷ்வரியும் செடி உண்டாக்க நினைக்கவே இல்லை. ஒடுக்கற்பிரிவைப் படிப்பதற்காக ஊமத்தையின் இளம் மகரந்தக்கூடுகளை ஊட்டக் கலவையில் வளர்த்தார்கள். தேங்காய்த் தண்ணீரும் சேர்த்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் கூடு வெடித்தது. உள்ளேயிருந்து முளையங்கள் எட்டிப் பார்த்தன!

1964இல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தியது: கூட்டின் சுவரிலிருந்து முளைத்திருந்தால் அதில் புதுமை என்ன? ஈராண்டு தேடலுக்குப் பின், 1966இல், முளையங்கள் மகரந்தமணிகளுக்குள்ளேயே பிறந்தவை என்று இருவரும் நிறுவினார்கள். மகரந்தமாகவே முடியவேண்டிய மணி பிள்ளையாகிவிட்டது.

1967இல் பிரான்சில் பூர்ஜானும் நிட்ஷும் புகையிலையில் முழுச் செடியே எடுத்தார்கள். இலை தடிக்கவேண்டுமென்று யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கிள்ளி எறியும் அதே பூ! அடுத்த ஆண்டு ஜப்பானில் நீசெகியும் ஓனோவும் நெல்லில் சாதித்தார்கள். ஆனால் நம் பக்கத்து இந்திக்கா நெல்வகை எளிதில் இணங்கவில்லை. பெரும்பாலான கூடுகள் வெறுமனே கருகின.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் விடவில்லை. உவரைத் தாங்கும் பெற்றோரைக் கலந்து, அந்தக் கலப்பின் மகரந்தக்கூடுகளை வளர்த்தது. தேறிய வரிசையொன்று 1990களில் பிஎஸ்பி ஆர்சி 50 என்ற பெயரில் பிலிப்பைன்ஸ் உழவர்களின் உவர் வயலுக்குப் போனது. தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியை அண்டிய வயல்களில் யாழ்ப்பாணத்து விவசாயிகள் பட்டுவரும் அதே உவர்த் தொல்லைக்காக, ஒரு மகரந்தமணியிலிருந்து பிறந்த நெல் அது.