வாடகைக் கம்பி முதல் வி.பி.என். வரை

அலுவலகம் போகாமலே அலுவலக வேலை பார்க்கலாம் என்ற யோசனை புதியது அல்ல. 1973-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜாக் நில்லஸ் இதற்கு ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டு இறுதியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததால் யோசனைக்கு மதிப்பும் கூடியது. ஆனால் ஒரு சிக்கல். அலுவலகக் கணினியில் இருக்கும் கோப்பு, வெளியூரில் இருக்கும் ஊழியரிடம் எப்படிப் பத்திரமாகப் போய்ச் சேரும்?

அப்போது இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, தொலைபேசி நிறுவனத்திடம் தனிக் கம்பியை (லீஸ்டு லைன்) மாத வாடகைக்கு எடுப்பது. தூரம் கூடக் கூட வாடகையும் கூடும். பெரிய வங்கிகளுக்குத்தான் அது கட்டுப்படியாகும். இன்னொன்று, ஊழியர் மோடம் மூலம் அலுவலக எண்ணுக்கே டயல் செய்வது. வெளியூர் என்றால் வேலை முடியும் வரை தொலைதூர அழைப்புக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

1990-களில் இணையம் பரவியதும் மலிவான மூன்றாவது வழி திறந்தது. ஆனால் இணையம் பொதுச் சாலை. அதில் போகும் தகவல் அஞ்சலட்டை மாதிரி, வழியில் இருப்பவர் யாரும் படித்துவிடலாம். இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் வி.பி.என்., அதாவது மெய்நிகர் தனியார் வலையமைப்பு. ஊழியரின் கணினி தகவலைக் குறியாக்கம் செய்து இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும். அலுவலக வாசலில் இருக்கும் கருவி உறையைப் பிரித்து உள்ளே சேர்க்கும். இடையில் பார்ப்பவருக்கு உறை மட்டுமே தெரியும். இதைத்தான் ‘சுரங்கப்பாதை’ என்கிறார்கள்.

1995-இல் ஐ.பி.செக் என்ற பாதுகாப்பு முறையின் முதல் வரையறைகள் வெளிவந்தன. 1996-இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்.டி. 4.0-இல் பி.பி.டி.பி. என்ற நெறிமுறையைச் சேர்த்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் குர்தீப் சிங் பால். தனிக் கருவி வாங்க முடியாத சிறு நிறுவனங்களுக்கும் இதனால் வி.பி.என். எட்டியது.

ஆனால் பூட்டு வலுவாக இல்லை. 1998-இல் புரூஸ் ஷ்னையரும் மட்ஜ் என்பவரும் மைக்ரோசாஃப்டின் பி.பி.டி.பி.யில் இருந்த ஓட்டைகளை வெளியிட்டார்கள். அதன் பிறகு கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை திருத்தப்பட்டது. 2012-இல் அந்தத் திருத்திய முறையையும் ஒரே நாளுக்குள் உடைக்க முடியும் என்று மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் காட்டினார்கள்.

இதற்கிடையில் ஜேம்ஸ் யோனன் என்ற நிரலாளர் மத்திய ஆசியாவில் பயணம் செய்துகொண்டே வேலை பார்த்தார். அலுவலகத்தோடு தொடர்புகொள்ள, முன்பின் தெரியாத நாடுகளின் இணைய நிறுவனங்களை நம்ப வேண்டியிருந்தது. அந்தக் கவலையில் அவர் எழுதி 2001-இல் வெளியிட்டதுதான் ஓப்பன் வி.பி.என். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், குறைகளை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்க முடிந்தது.

உண்மையான பரீட்சை 2020 மார்ச்சில் வந்தது. அதுவரை இந்தியாவில் கால் சென்டர், பி.பி.ஓ. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்குக் கடுமையான விதிகள் இருந்தன. நிறுவனம் வைப்புத்தொகை கட்ட வேண்டும், அனுமதி பெற்ற சேவையாளர் தரும் இணைப்பையே பயன்படுத்த வேண்டும். மார்ச் 13 அன்று தொலைத்தொடர்புத் துறை இவற்றைத் தளர்த்தி, நிறுவனங்கள் தாங்களே அமைக்கும் பாதுகாப்பான வி.பி.என்.னுக்கு அனுமதி தந்தது. மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு. அதே மாதம் 29-ஆம் தேதி வெளியான லினக்ஸ் 5.6-இல் ஜேசன் டோனன்ஃபெல்டின் ‘வயர்கார்ட்’ இடம்பெற்றது. சுமார் 4,000 வரிகளே கொண்ட சிறிய நிரல் என்பதால் சரிபார்ப்பது எளிது.

ஆனால் ஊழியர் நுழையும் வாசலைத் திருடனும் தேடுவான் அல்லவா? 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு மூடப்படாமல் இருந்தது. அதன் கடவுச்சொல் அவர்களிடம் சிக்கியிருந்தது. கைபேசிக்கு வரும் எண் போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அதற்கு இல்லை. விளைவு, சுமார் 8,850 கிலோமீட்டர் நீள எரிபொருள் குழாய் பல நாள் நின்றது. நிறுவனம் 75 பிட்காயினைப் பணயத் தொகையாகக் கொடுத்தது. அப்போது அதன் மதிப்பு சுமார் 44 லட்சம் டாலர்.

தொலைவில் இருக்கும் ஊழியரை அலுவலகத்துக்குள் கொண்டுவர வி.பி.என். மாதிரி மலிவான வழி அதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் அது பாதையை மட்டுமே காக்கும். சாவி யார் கையில் இருக்கிறது, வேலையை விட்டுப் போனவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கியாயிற்றா என்று பார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு.