புளி போட்டுத் தேய்த்த ரோமானியக் காசு



வரலாற்றுத் துறையில் படித்த நாளில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை இந்த மலரில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கரூர் அமராவதி ஆற்றில் மணல் சலிப்பவர் ஒருவரிடம் பச்சைக் களிம்பு ஏறிய செப்புக் காசு ஒன்று வாங்கினேன். விரல் நகம் அளவுதான். பேராசிரியரிடம் காட்டும்போது பளபளவென்று இருக்கட்டுமே என்று, பித்தளைக் குடம் விளக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஐயா லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அடப்பாவி, மூஞ்சியைக் கழுவுறேன்னு மூக்கையே அறுத்துட்டியேப்பா!"

காசின் ஒரு பக்கம் மன்னர் தலை. மறுபக்கம், குதிரையோடு விழும் எதிரியை ஈட்டியால் குத்தும் வீரன். கி.பி. 348-ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய வகை இது. படத்துக்கு அடியில் உள்ள சில எழுத்துகள்தான் காசு அடித்த ஊரைச் சொல்லும். அலெக்சாண்டிரியாவா, அந்தியோக்கியாவா, கான்ஸ்டான்டிநோபிளா? பழஞ்செம்பில் எழுத்து பல சமயம் அந்தக் களிம்பில்தான் தங்கி நிற்குமாம். நானோ அதைத்தான் சுத்தமாக வழித்து எடுத்திருந்தேன்!

ரோமானியக் காசு என்றால் நமக்குத் தங்கமும் வெள்ளியும்தான் ஞாபகம் வரும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் வெளியான 501 பொற்காசுகளில் பெரும்பாலானவை தேய்ந்தவை. மன்னர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு வேறு. தேய்ந்து எடை குறைந்ததால் 'இனிச் செல்லாது' என்று வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பொன்னை எடைக்கு எடுப்பார்கள், சரி. ஓரிரு கிராம் செம்புக்காக யார் கடல் தாண்டுவார்கள்?

ஆகவே இது சில்லறைக் காசு. தேய்மானம் ரோமானியர் கையில் பாதி, நம்மவர் கையில் பாதி என்று இருக்கலாம். பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இலங்கையில் இத்தகைய காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே அச்சு அடித்திருக்கிறார்கள். புழங்காத காசுக்கு யாராவது நகல் அடிப்பார்களா? கரூர், மதுரைக் காசுகளைத் தொகுத்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் தனி நூலே வெளியிட்டார். முதல் இரண்டு நூற்றாண்டோடு ரோமானிய வணிகம் ஓய்ந்தது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோமே, அதை இந்த நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் செம்புகள் மறுக்கின்றன.

என் காசைத் துறைப் பதிவேட்டில் ஐயா தம் கையாலேயே பதிந்தார். 'அடித்த ஊர்: தெரியவில்லை.' பக்கத்தில் சிறிய எழுத்தில், 'காரணம்: புளி.'