கணக்கு யார் கையில்? – 6: செக்ரோல்

இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதிக் கைமாற்றிய துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது. துரைக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்தவர் ஆள் சேர்த்து வந்த பெரிய கங்காணி. தோட்டம் அவர் பேச்சைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கின் மேலிருந்த அந்தப் பிடி மெல்ல மெல்லத் தோட்ட ஆபீசுக்கு நகர்ந்தது. கெசல்கமு ஓயா ஓடும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்தால்தான் அன்று வேலை. மாலையில் கொழுந்து நிறுப்பார்கள். ஈரத்துக்கு இத்தனை றாத்தல், சாக்குக்கு இத்தனை என்று கழிப்பார்கள். மிச்சம் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நாளெல்லாம் மலையில் நின்று பறித்த பெண், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் தன் பேருக்கு நேரே என்ன விழுந்தது என்று கேட்கத் துணிந்ததில்லை. கேட்டாலும் காட்டுவதற்கு ஆளில்லை. இந்த அநியாயத்தை ஆறாமல்தான் எழுதுகிறேன்.

இதே மலைகளின் தேயிலை பெட்டி பெட்டியாக ஹட்டனில் ரயிலேறிக் கப்பலேறி லண்டன் மின்சிங் லேன் ஏலத்துக்கும் போனது. அங்கே தேயிலை வாங்கிய பெரும் கம்பெனிகளில் ஒன்று ஜே. லயன்ஸ். நாடெங்கும் தேநீர்க்கடை நடத்திய கம்பெனி. வருவதெல்லாம் சில்லறை, கூட்டிக் கழிக்கக் குமாஸ்தாக்களின் பட்டாளம். 1923இல் அங்கே சேர்ந்த கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டதாரி ஜான் சிம்மன்ஸ், கணக்கென்பது நேற்று நடந்ததை எழுதி வைப்பதோடு முடியக் கூடாது, நாளைக்கு என்ன செய்வதென்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர்.

1947இல் லயன்ஸின் தாம்ப்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இரு அதிகாரிகள் ஆபீஸ் கணக்குக்கு உதவும் எந்திரம் தேடி அமெரிக்கா போனார்கள். நீங்கள் தேடும் எந்திரம் உங்கள் கேம்பிரிட்ஜிலேயே உருவாகிறதே என்று பிரின்ஸ்டனில் கணினி வல்லுநர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் சொல்லி அனுப்பினார். அந்த எந்திர வேலைக்கு லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண் கொடுத்தது. பிறகு தனக்கென்று ஒன்றைக் கட்டியது. 1951 நவம்பரில் அந்த 'லியோ' பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. வாரம் தவறாமல் வியாபாரக் கணக்குப் பார்த்த உலகின் முதல் கணினி ஒரு தேநீர்க் கம்பெனியில்தான் பிறந்தது!

டேவிட் காமினர் என்பவர் அதற்கு வேலை வகுத்தார். ஒவ்வொரு குமாஸ்தாவின் வேலையையும் நுணுகிப் பார்த்து, எங்கே பிழை நுழையும் என்று கண்ட பிறகே எந்திரத்துக்குக் கட்டளை எழுத வைத்தார். தொழில்நுட்பத் தலைவர், தரவுத் தலைவர் என்று பெரிய கம்பெனிகள் இன்று நாற்காலி போடுகின்றனவே, அந்தப் பதவிகளின் வேர் சிம்மன்ஸிடமும் காமினரிடமும் இருக்கிறது.

அடுத்து வந்தது சம்பளக் கணக்கு. தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஓர் ஆளின் சம்பளம் போட 8 நிமிடம். லியோவுக்கு ஒன்றரை விநாடி. 1954இல் லயன்ஸ் ஊழியர்களின் செக்ரோல் எந்திரத்துக்குள் போனது. பிறகு தேயிலைக் கலவைக் கணக்கும் போனது.

அந்தச் சமயத்தில் கதவைத் தட்டியது போர்டு கார் கம்பெனி. தன் தொழிலாளர்களின் சம்பளத்தையும் லியோவே போட்டுத் தர வேண்டுமாம். இன்னொரு முதலாளியின் செக்ரோல், ஒரு தேநீர்க் கம்பெனியின் கையில்! லயன்ஸ் சம்மதித்ததா? சம்மதித்திருந்தால், அந்தக் கணக்கில் ஒரு பேர் தவறினால் யார் பதில் சொல்வது?

(அடுத்த வாரம் தொடரும்)