ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 613, திருச்சி (2024)

திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குச் சென்ற போயிங் 737 விமானம், 2024 அக்டோபர் 11 அன்று ஹைட்ராலிக் கோளாறால் திருச்சிக்கே திரும்பிப் பத்திரமாகத் தரையிறங்கிய நிகழ்வு. அன்று ஆயுத பூஜை. 140-க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர்.

மாலை 5.40 மணியளவில் புறப்பட்ட சிறிது நேரத்தில் கோளாறு தெரியவந்தது. உடனே இறங்க வழியில்லை. வளைகுடா வரை செல்லப் போதுமான எரிபொருளோடு விமானம் கனத்திருந்தது. இவ்வகை விமானத்தில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதியும் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். 737-800 ஏறத்தாழ 79 டன் எடையோடு மேலெழலாம். ஆனால் தரையிறங்க வரம்பு சுமார் 66 டன். எனவே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களின் மேல் விமானம் வட்டமடித்தது.

இவ்வகை விமானத்தில் ஏ, பி என இரு ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒரு மாற்று அமைப்பும் உண்டு. சக்கரங்களை ஏற்றி இறக்குவது ஏ அமைப்பு. அது செயலிழந்தால், விமானி அறைத் தரையிலுள்ள சிறு மூடியைத் திறந்து மூன்று கைப்பிடிகளை இழுக்க வேண்டும். பூட்டு விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழிறங்கும்.

விமான நிலையத்தில் முழு அவசரநிலை அறிவிக்கப்பட்டு, தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் ஓடுபாதையருகே நின்றன. வயிற்றுப்பகுதி உரசத் தரையிறங்கும் என்ற செய்தி பரவி, உறவினர்களை வீணாகக் கலங்கடித்தது. இரவு 8.15 மணியளவில் விமானம் சக்கரங்களிலேயே இயல்பாக இறங்கியது. பதறாமல் செயல்பட்ட விமானிகளையும் பணிக்குழுவையும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாராட்டினார், அந்தப் பாராட்டு முற்றிலும் தகும்.