ஒரே சுரங்கள், இரண்டு பெயர்கள்

கிற்றார் பழகும் மாணவர் இருவர் இடைவேளையில் வாக்குவாதப்பட்டபடி நம்மிடம் வந்தார்கள். சி, ஈ, ஜி, ஏ என்ற நான்கு சுரங்களைச் சேர்த்து மீட்டும் ஒரு கோர்ட். ஒருவரின் புத்தகத்தில் அதன் பெயர் 'சி சிக்ஸ்'. மற்றவரின் போனில் 'ஏ மைனர் செவன்'. எது பிழை சேர்?

இரண்டும் சரிதான். சி-யை அடிச்சுரமாகக் கொண்டால் ஒரு பெயர், ஏ-யைக் கொண்டால் மற்றது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ராமோ இதே அமைப்புள்ள கோர்ட்டுக்கு இரட்டை வேலை உண்டென்று எழுதிவிட்டார்.

ஆனால் பெயரிலேயே யாழை வைத்திருக்கும் ஊரில் இது புதினமாக இருக்கக்கூடாது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை பழந்தமிழரின் ஏழு சுரங்கள். குரலிலிருந்து தொடங்கினால் செம்பாலை. நரம்புகளின் சுருதியை மாற்றாமல் துத்தத்திலிருந்து தொடங்கினால் படுமலைப்பாலை, உழையிலிருந்து என்றால் அரும்பாலை. சிலப்பதிகாரக் காலத்துக் கணக்கு இது. ஹார்மோனியம் உள்ளவர்கள் வெள்ளைக் கட்டைகளை மட்டும் முதலில் ஜி-யிலிருந்தும், பிறகு ஏ-யிலிருந்தும், பிறகு சி-யிலிருந்தும் வாசித்துப் பாருங்கள். அரிகாம்போதி, நடபைரவி, சங்கராபரணம் என்று மூன்றும் வரும். செம்பாலையை அரிகாம்போதி என்று கொண்டால் அந்த மூன்று பாலைகளும் இவைதான்.

வழக்கொழிந்த யாழைக் கணக்குப் போட்டு மீட்டவர் கிழக்கின் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார். யாழை மீட்டது ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

இன்னொன்று. 8ஆம் நூற்றாண்டு பக்தாதில் மன்சூர் சல்சல் என்ற ஊத் வாத்தியக்காரர் இருந்தார். நடுவிரல் விழும் ஒரு சுரத்துக்கு 'சல்சலின் நடுவிரல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அல் பாராபியும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கிற்றாரில் அது மூன்றாம் மெட்டுக்கும் நாலாம் மெட்டுக்கும் இடையில் கிடக்கிறது, கம்பியை இழுத்தால்தான் கேட்கும். இசை கூடுமா கூடாதா என்ற நம்மவர் வாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். அளந்து எழுதி வைத்தவர்களும் நம்மவர்களே.

மாணவர் இருவரையும் அந்தப் பாட்டை முழுதாக வாசிக்கச் சொன்னோம். அந்த இடம் வந்தபோது அடியில் ஏ கம்பிதான் முழங்கியது. ஆகவே அந்தப் பாட்டில் அது ஏ மைனர் செவன். புத்தகக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.