ஆவடிக்கு முன் மூன்று வாக்குகள்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டைச் சோஷலிச பாணிச் சமுதாயம் குறித்த தீர்மானத்துக்காகவே நினைவுகூர்கிறோம். மாநாடு நடந்த இடத்துக்கு இட்ட பெயர் சத்தியமூர்த்தி நகர் என்பதை மறந்துவிட்டோம்.

1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டி. ராஜாஜி அணியின் வேட்பாளர் சி.பி. சுப்பையா, சத்தியமூர்த்தி நிறுத்தியவர் காமராஜர். வாக்குகள் 100க்கு 103. வென்ற சீடரின்கீழ் குருவே செயலாளராகப் பணியாற்றினார்! கொள்கையைவிட இரு பெருந்தலைவர்களின் பிணக்கே அன்று வாக்குகளைப் பிரித்தது என்பது நம் துணிபு.

1943இல் சத்தியமூர்த்தி மறைந்தார். 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைமைக்கு மீண்டும் போட்டி. சி. சுப்பிரமணியத்தை 93க்கு 41 என வென்ற காமராஜர், தோற்றவரையும் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். ஒன்பது மாதங்களில் ஆவடி மாநாடு கூடியது, குருவின் பெயர் தாங்கிய நகரில்.