குழந்தையின் பதற்றமும் குடும்பத்தின் விட்டுக்கொடுத்தலும்

பள்ளி நாள்களில் காலைதோறும் வயிற்றுவலி, விடுமுறையில் வலியே இல்லை. மருத்துவர் சோதித்துக் குறையொன்றும் இல்லை என்கிறார். வீட்டில் அப்பா 'நடிப்பு' என்கிறார். பாட்டி, பிள்ளை பயந்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்கிறார். நோயறிதலில் பாட்டியே உண்மைக்கு நெருக்கமானவர். பதற்றம் குடலின் இயக்கத்தை மாற்றுவதால் வலியும் மெய்யானது.

இத்தகைய பதற்றக் கோளாற்றில் அச்சம் எங்கிருந்து வந்தது என்ற துருவலிலேயே பெரும்பாலும் காலம் கழிகிறது. அதை நீடிக்கச் செய்வது எது என்பதே சிகிச்சைக்கு உதவும் கேள்வி. லீவு போட்டதும் கிடைக்கும் நிம்மதி மறுநாளும் லீவு கேட்கத் தூண்டுகிறது. பள்ளியில் அஞ்சியபடி எதுவும் நடக்காது என்று பிள்ளை கண்டுகொள்ளும் வாய்ப்பும் போகிறது. இதில் குடும்பமும் பங்கேற்கிறது. தனியே படுக்க அஞ்சும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாத்தா துணை படுக்கிறார். கடையில் பேசக் கூசும் தம்பிக்காக அக்காவே பேசிவிடுகிறாள். இப்படி அச்சத்துக்கு விட்டுக்கொடுப்பதெல்லாம் பாசம்தான், அச்சத்தை வளர்ப்பதும் அதுதான்.

தவிர்ப்பதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைப்பது பழைய முறை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலும் இதுவே முக்கியக் கூறு. 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், 12 வாரச் சிகிச்சைக்குப் பின் நன்கு தேறியோர் அச்சிகிச்சையில் 59.7 விழுக்காடு, செர்ட்ராலின் மாத்திரையில் 54.9, இரண்டும் சேர்ந்தபோது 80.7, போலி மாத்திரையில் 23.7. மாத்திரை என்றாலே மிரளும் பெற்றோருக்கும், மாத்திரை மட்டும் எழுதித் தரும் மருத்துவருக்கும் இதில் பதில் இருக்கிறது.

எனினும் என் வாதத்துக்கு நெருக்கமானது யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் 124 குழந்தைகளின் குடும்பங்களோடு நடத்திய ஆய்வு. ஒரு பிரிவில் சிகிச்சையாளர் குழந்தையோடு அமரவே இல்லை. பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி. 'உனக்குப் பயமாக இருப்பது தெரிகிறது, உன்னால் தாங்க முடியும்' என்று சொல்லி, விட்டுக்கொடுத்தலை ஒவ்வொன்றாகக் குறைப்பதே அது. குழந்தைக்கு நேரடியாகத் தரும் சிகிச்சையைவிடப் பலன் குறையவில்லை. தாயைக் குற்றவாளியாக்கும் பழைய உளவியலோடு இதைக் குழப்பக் கூடாது. நோயை வரவழைத்தவர் என்பதற்காகத் தாய் அழைக்கப்படவில்லை. நாள் முழுதும் உடனிருப்பவர் என்பதற்காகவே அழைக்கப்படுகிறார்.

ஓர் எச்சரிக்கை. கேலி, அடி, கண்டறியப்படாத கற்றல் குறைபாடு ஆகியவற்றால் பள்ளியை வெறுக்கும் பிள்ளைக்கு இம்முறை பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே உடல் தண்டனையைத் தடைசெய்தது. அடிக்கும் ஆசிரியரிடம் 'துணிந்து போ' என்று அனுப்புவது கொடுமை. அங்கே திருத்தப்பட வேண்டியது பள்ளி.

நம் கூட்டுக் குடும்பங்களில் தாய் குறைக்கும் விட்டுக்கொடுத்தலைப் பாட்டி ஈடுகட்டிவிடுவார். எனவே குழந்தை மனநல மருத்துவர்கள் முதல் அமர்விலேயே அவரையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும்.